“உங்க வீட்டு டேங்க் எங்க?” – ஞானம்மாள் சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தது

ஞானம்மாள் சிஸ்டர் இறந்துபோன செய்தி வந்தபோது எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு குழி திறந்து கிடந்தது. நானும் என் கணவரும் மேஸ்திரியும் கிட்டே போகப் பயந்து, விலகிப் போகவும் மனமில்லாமல், தள்ளி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர் வரிசையில் குடியிருக்கும் ஃபிலோமினா, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருப்பவர், கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “சிஸ்டர் காலைல போய்ட்டாங்க வசந்தா” என்றார். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா? ‘அடடா, இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா, நேரில் வந்து சொல்லலாம் என்றிருந்தேனே’ என்பதுதான்.

ஏனென்றால் அந்தக் குழி எங்கே என்றுதான் அவர் இத்தனை வருஷமாக எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுகோடிப் பேட்டையில் நம் தெருவின் பழைய ஆட்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாதர் சங்கத்தில் அஞ்சலி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். கோடி வீட்டுக்கு முந்தின வீடு, பள்ளத்தில் இருக்குமே, அதுதான் சிஸ்டர் வீடு. காய்ச்சல் வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். கணவர் பர்மா சண்டையில் போனவர், பிள்ளைகள் இல்லை. உயரமான உடம்பு, வெள்ளைச் சேலை, ஆண்பிள்ளை மாதிரி எட்டு வைத்து நடப்பார். நல்லது நடக்கும் என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. மழை வந்தால் சுவர் விழும் என்பார். வெயில் அடித்தால் கிணற்றில் நோய் வரும் என்பார். என் கணவர் அவருக்கு வைத்த பெயர் ‘அபாயச் சங்கு’. ஃபாக்டரிச் சங்காவது நேரத்துக்கு ஊதும், இது நேரங்காலம் இல்லாமல் ஊதுகிறது என்று சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்த அன்றே அந்தச் சங்கு ஊதியது. பால் காய்ச்சி முடித்து, ஆட்கள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வந்தார். நலம் விசாரித்தார், என் பெயரைக் கேட்டார், சமையலறையைப் பார்த்தார். பிறகு, “உங்க வீட்டு டேங்க் எங்க?” என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டியைக் கேட்கிறார் என்று நினைத்து மேலே கையைக் காட்டினேன். அவர் தரையைப் பார்த்தார். “அது இல்லம்மா. கக்கூஸ் டேங்க்.”

எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று இல்லை, கார்ப்பரேஷன் டிரெயினேஜ் கனெக்ஷன் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். விற்றவர் எங்களிடம் அழுத்திச் சொன்னதும் அதுதான். சிஸ்டர் யோசித்தார். டிரெயினேஜ் தெருவுக்கு வந்ததே போன வருஷம்தான், இந்த வீடு அதற்கு முன்னாலேயே நிற்கிறது, அதுவரைக்கும் இங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். பின்சுவரை ஒட்டி ஒரு காற்றுக் குழாய் நின்றிருந்ததைத் தாம் பார்த்திருப்பதாகவும், இப்போது அதைக் காணவில்லை என்றும் சொன்னார். என் கணவர் விற்றவரிடம் போய்க் கேட்டார். “டேங்கா? அதெல்லாம் ஒன்னும் இல்லையே சார்” என்று அவர் கையை விரித்தார். கொஞ்ச நாளில் அவர் கோயமுத்தூர்ப் பக்கம் போய்விட்டார். பிறகு காலமாகிவிட்டார் என்றும் கேள்விப்பட்டோம். வீட்டின் வரைபடம் எதுவும் எங்களிடம் இல்லை. அன்றிலிருந்து சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தால் நடக்கிற நடையே வேறு. முழுக் காலையும் ஊன்றாமல், நுனிக்காலால் அழுத்திப் பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பார். பார்க்கிற எனக்கும் காலில் கூச்சம் ஏறும்.

அந்த நாட்களில் நம் தெருவில் ரேஷன் கடை வரிசை முதல் கல்யாணப் பந்தி வரைக்கும் ஒரே பேச்சுதான். டேங்கை வைத்துக்கொள்வதா, டிரெயினேஜில் சேர்வதா? இப்போது கேட்டால் சிரிப்பாக இருக்கும். சொந்த வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளாத குறை. டேங்க் நம் காம்பவுண்டுக்குள் இருக்கிறது, யாரையும் கேட்கவேண்டாம் என்று ஒரு கட்சி. அது நிறைந்தால் ஆள் தேட வேண்டும், கிணற்றில் கசியும், டிரெயினேஜ் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கடைசியில் சிஸ்டர் வீட்டு வராந்தாவில்தான் வந்து உட்காரும். அவர் இரண்டு பேரையும் சேர்த்துப் பயமுறுத்தி அனுப்புவார்.

“டேங்க் வந்து நம்ம பண்ணதை நம்மகிட்டயே வெச்சிருக்கும். டிரெயினேஜ் இருக்கே, அது ஒரு நாள் ஊர் பண்ணதையெல்லாம் கொண்டாந்து நம்ம வீட்ல வெச்சிட்டுப் போகும்” என்று அவர் சொன்னதை அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐப்பசி மழை வந்தது. மூலை வீட்டுக் கணக்கு வாத்தியார் வீடும் பள்ளத்தில் இருக்கிற வீடு. தெருவில் முதலில் கனெக்ஷன் வாங்கி, எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தவர் அவர்தான். மெயின் குழாய் நிரம்பி அவர் வீட்டு பாத்ரூம் வழியாக மேலே வந்தது. நடு வீடு வரைக்கும் வந்தது. வாத்தியார் அம்மா நாற்காலி மேல் ஏறி நின்று அழுததை நான் பார்த்தேன். சிஸ்டர் பினாயில் டப்பாவோடு போய்க் கழுவிக்கொடுத்தார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அவர் முகம் மட்டும் அப்படிச் சொன்னது.

அதனால் சிஸ்டர் டேங்க் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சல் வார்டில் இருந்தவர்; கிணறும் டேங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஆட்களாகப் பார்த்தவர். ஆகவே அவரும் டிரெயினேஜில்தான் சேர்ந்தார். ஆனால் முதலில் பாத்ரூம் தரையை ரோட்டு மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டினார். வீட்டுக்குள் ஏறி இறங்க இரண்டு படி வந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் இது என்ன கூத்து என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்தும் அந்த வீட்டுக்குள் எதுவும் திரும்பி வரவில்லை.

பழைய டேங்கை மூடிய விதம்தான் தெருவையே வேடிக்கை பார்க்கவைத்தது. மற்ற வீடுகளில் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கனெக்ஷன் கொடுக்க வந்த மேஸ்திரி, “அது கெடக்கட்டும் சார், மேல மண்ணப் போட்டு மூடிக்கலாம்” என்றார், மூடினார்கள். அதன் மேல் பூச்செடி வைத்தார்கள், மாட்டுக் கொட்டகை போட்டார்கள், சிலர் ரூமே கட்டினார்கள். சிஸ்டர் தம் டேங்கின் மூடியை எடுத்துவிட்டு, சுற்றிலும் முள்வேலி போட்டு, பல நாள் அப்படியே திறந்து வைத்தார். நாற்றம் தாங்காமல் நாங்கள் எல்லோரும் சபித்தோம். பிறகு ஆட்களைக் கூப்பிட்டார். யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. மூங்கிலில் வாளியைக் கட்டி மேலிருந்தே மொள்ளவைத்தார். ஒருத்தர், இறங்கினால் சீக்கிரம் முடியும் என்று ஒரு காலை உள்ளே வைத்தார். சிஸ்டர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். வேலை முடிந்ததும் அவர்களுக்கு வெந்நீரும் சோப்பும் கொடுத்து, வராந்தாவில் உட்காரவைத்து, தாம் குடிக்கிற தம்ளரிலேயே காப்பி கொடுத்தார். அதைப் பற்றியும் இந்தத் தெரு ஒரு மாதம் பேசியது.

பிறகு அடித்தளத்தை உடைத்து, செம்மண் கொட்டி நிரப்பி, அதன் மேல் சிமெண்டில் நீளமாக ஒரு மேடு கட்டினார். நாளைக்கு இந்த வீட்டை யார் வாங்கினாலும் கீழே என்ன இருந்தது என்று தெரியவேண்டுமாம். சிலுவை கும்பிடுகிற வேதக்காரர் வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு மேடு இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? புருஷனைக் கொண்டுவந்து வீட்டிலேயே புதைத்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பால்காரர் அந்தப் பக்கம் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போவார். சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். “கும்பிடட்டும். மிதிக்காம இருந்தா சரி” என்றார்.

இவருக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரொம்ப நாள் மூடிக் கிடந்த ஒரு டேங்கைத் திறந்து வேலை செய்த அண்ணன் தம்பி இரண்டு பேரைத் தள்ளுவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்களாம். தம்பி முதலில் இறங்கியிருக்கிறான். சத்தமே இல்லை என்று அண்ணன் இறங்கியிருக்கிறான். இரண்டு பேர் முகத்தையும் கழுவித் துடைத்தது சிஸ்டர்தான். அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து வார்டு வாசலில் நின்றானாம். உயிர் இருக்கிறதா என்று கேட்க வந்தான் என்றுதான் இவர் நினைத்திருக்கிறார். சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள், மீதி வேலைக்கு வேறு ஆள் கிடைக்குமா என்று கேட்டுவரச் சொன்னார்களாம்.

“மொத ஆளு காத்தில்லாம செத்தான். ரெண்டாவது ஆளு பாசத்துல செத்தான்” என்றார் சிஸ்டர். கீரை உருவி முடிந்திருந்தது. வெறும் காம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, “டேங்க் நெறைஞ்சா சொல்லிடும் வசந்தா. மூடி மறந்துட்டா சொல்லாது. காத்துக்கிட்டிருக்கும்” என்றார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியபோது எங்கள் வாசலில் கால் வைக்க எனக்குப் பயமாக இருந்தது. என் கணவரிடம் சொன்னேன். சங்கு உன் காதிலும் ஊதிவிட்டதா என்றார்.

இனிமேல்தான் கமலா கல்யாணத்தைச் சொல்லவேண்டும். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். கமலா என் நாத்தனார். அத்தைக்கு ஒரே மகள். அத்தை என்றால் என் மாமியார். வேலூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கியாயிற்று. முன்வாசலில் பந்தலும் பந்தியும், பின்கட்டில் சமையல் என்று முடிவு. பந்தக்கால் நட்ட அன்று காலையில், அங்கே மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கும்போதே, பின்கட்டில் சமையல்காரர் ராகவன் கோட்டை அடுப்புக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார். கடப்பாரை ஒரு சாண் இறங்கி ‘டங்’ என்று நின்றது. இடம் மாற்றிப் போட்டார். அங்கேயும் ‘டங்’. அந்தச் சத்தம் நாலு வீடு தாண்டிப் போயிருக்கிறது. சிஸ்டர் கால் செருப்புக்கூடப் போடாமல் வந்து நின்றார்.

இது டேங்க் மூடிதான், சத்தத்திலேயே தெரிகிறது, காற்றுக் குழாயும் இங்கேதான் நின்றது, இதன் மேல் நெருப்பு மூட்டினால் உள்ளே அடைந்திருக்கிற வாயு என்ன செய்யும் என்று சொல்லமுடியாது, அண்டாவின் பாரத்தில் கல் உடைந்தால் ஆட்களோடு உள்ளே போய்விடும் என்று சொன்னார். “பாறையா இருக்கும் சிஸ்டரம்மா” என்று ராகவன் முணுமுணுத்தார். அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதற்குள் அத்தை அங்கே வந்துவிட்டார்கள்.

“நர்ஸம்மா, நல்ல நாளும் அதுவுமா கக்கூஸு பேச்ச இங்க எடுக்காதீங்க” என்றார்கள் அத்தை. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “புருஷன முழுங்கிட்டு நிக்கறவங்களுக்குக் கல்யாண வீட்டு அரும என்னா தெரியும்?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாமியாரை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. சிஸ்டர் திரும்பிப் போனார். அவ்வளவுதான், உறவு முறிந்தது என்று நினைத்தேன். ஆனால் தம் வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். ராகவன் தோண்டிய பள்ளத்துக்கு மேலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். “நீங்க என்ன வேணா சொல்லுங்கம்மா. இந்த எடத்துல அடுப்பு மூட்ட விடமாட்டேன்” என்றார். டேங்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று முழுக்க நம்பிக்கொண்டு, அது எப்போது வேண்டுமானாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பயந்துகொண்டு, ஒரு மனுஷி அதன் மேலேயே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

கடைசியில் என் கணவர்தான் விட்டுக்கொடுத்தார். அடுப்பை முன்வாசலுக்கு மாற்றுவோம், பந்தலை ஒட்டி, காம்பவுண்டு சுவர் ஓரமாக, என் கனகாம்பரச் செடிகளுக்குப் பக்கத்தில் போடலாம் என்றார். எந்தக் கோடையிலும் வாடாத செடிகள் அவை. என்ன உரம் போடுகிறாய் என்று சிஸ்டரே கேட்டிருக்கிறார். ஒரு உரமும் போட்டதில்லை. ராகவன் அங்கே கடப்பாரையைப் போட்டார். “இங்க மண்ணு வெண்ணெயாட்டம் எறங்குதும்மா” என்றார். சிஸ்டர் வந்து தம் நுனிக்காலால் அழுத்திப் பார்த்தார். கையில் மண்ணை எடுத்துப் பார்த்தார். “இது நல்ல மண்ணு. இங்க போடுங்க” என்றார். அப்புறம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. நான் யாருக்கும் தெரியாமல் இலையில் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். கோபமாக இருப்பார் என்று பயந்தேன். அடுக்களையிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டார். பாயசம் நன்றாக இருக்கிறது என்றார். “பின்கட்டுல திரும்ப மூட்டலயே?” என்று கேட்டார். இல்லை என்றதும்தான் உட்கார்ந்தார்.

ராகவன் பாத்திரங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். அடுப்பின் அடியில் அவ்வப்போது நீலமாக ஒரு நாக்கு எழும்பியது, விறகில் உப்பு ஏறியிருக்கும் போல என்றார். நான் அதைச் சிஸ்டரிடம் சொல்லவில்லை; சொல்லவேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவே இல்லை. மழைக்காலத்தில் அடுப்பு இருந்த இடம் கொஞ்சம் உள்வாங்கியது. சூட்டில் மண் இளகிவிட்டது என்று சொல்லி என் கணவர் இரண்டு கூடை மணலைக் கொட்டினார்.

அதற்குப் பிறகு அத்தை சிஸ்டருடன் பேசவே இல்லை. சிஸ்டர் தெருவில் வந்தால் அத்தை உள்ளே போய்விடுவார்கள். பின்கட்டில் சிஸ்டர் நாற்காலி போட்ட இடத்தில் நாங்கள் யாரும் நடக்கமாட்டோம். பயமா, வழக்கமா என்று தெரியாது. துணி காயப்போடக்கூட சுற்றிக்கொண்டுதான் போவோம். முன்வாசலில்தான் எங்கள் வாழ்க்கை எல்லாம். அங்கேதான் பிள்ளைகள் விளையாடினார்கள், அங்கேதான் நவராத்திரிக்குக் கூடினோம், அங்கேதான் வடாம் காயவைத்தோம். வாசலை ஒட்டி, விற்றவர் வராந்தாவை அடைத்துக் கட்டிய ரூமில்தான் அத்தையின் கட்டில்.

இந்த வருஷம் மாடி எடுக்கத் தீர்மானித்தோம். சிஸ்டர் அப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். முன்பு தாம் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. நான் போய்ப் பார்த்தபோது மாடி கட்டுகிற விஷயத்தைச் சொன்னேன். அன்று பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வாரம் மணல் வண்டி வந்தது. மாட்டு வண்டி, நிறைய பாரம். வண்டிக்காரர் முன்வாசலுக்குள் ஓட்டிவந்து, காம்பவுண்டு ஓரமாக நிறுத்தினார். நான் அடுக்களையில் இருந்தேன். மாடு கதறிய சத்தம் மாதிரி ஒரு சத்தத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. ஓடிவந்து பார்த்தால் ஒரு மாட்டின் முன்கால்கள் இரண்டும் தரைக்குள் போயிருந்தன. “பூமி குசிதோய்த்தம்மா”, பூமி உள்வாங்கிவிட்டதம்மா என்று வண்டிக்காரர் கன்னடத்தில் அலறினார். அக்கம்பக்கத்து ஆண்கள் ஓடிவந்து நுகத்தை அவிழ்த்து, கயிறு போட்டு மாட்டை இழுத்தார்கள். மாடு வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியாக ஒரு மூச்சு வந்தது. நாற்றம் என்று சொல்லமாட்டேன். நாற்றம் என்றால் மூக்கைப் பொத்தினால் போகும். இது கண்ணில் பட்டு, தொண்டையில் இறங்கியது.

மேஸ்திரி வந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, ஒரு பேப்பரைச் சுருட்டி, பற்றவைப்பதற்குத் தீப்பெட்டியை எடுத்தார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பாய்ந்துபோய் அவர் கையைத் தட்டிவிட்டேன். தீப்பெட்டி கனகாம்பரச் செடிக்குள் போய் விழுந்தது. அன்னிய ஆம்பிளையை அடித்துவிட்டேன் என்று என் கணவர் பதறினார். மூன்று நாள் யாரும் கிட்டே போகக் கூடாது, திறந்தே கிடக்கட்டும், ஒருத்தரும் இறங்கக் கூடாது என்று கத்தினேன். என் வாயிலிருந்து வந்தது சிஸ்டருடைய குரல்.

மறுநாள், திறந்துபோட்ட குழியை விட்டுத் தள்ளி நின்றபோதுதான் ஃபிலோமினா கேட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னார். மேஸ்திரி அப்போது தள்ளி நின்றே நீளமான மூங்கிலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் இருப்பது பாறை, அங்கே தோண்டமுடியாமல், காற்றுக் குழாயை மட்டும் அங்கே விட்டுவிட்டு, கக்கூஸ் குழாயை வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து முன்வாசலில் டேங்க் கட்டியிருக்கிறார்கள் என்று அவர் விளக்கிச் சொன்னார். காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை. பிறகு மெல்ல ஏறியது. சிஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்தது கெட்டிப் பாறையின் மேல். அவர் நல்ல மண் என்று சொல்லி அடுப்பைப் போடச் சொன்ன இடம் டேங்கின் மூடிக்கு மேலே போட்டிருந்த மண். அங்கேதான் பெரிய அண்டாக்கள் ஏறின. அங்கேதான் நெருப்பு எரிந்தது. நீங்கள் எல்லோரும் அதற்குப் பக்கத்தில், அதன் மேலேயேகூட, வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்.

என்ன ஆகியிருக்கும் என்று என்னால் யோசிக்க முடியவில்லை. ஆனால் யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. எது நம்மைக் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியாது. காப்பாற்றியது சிஸ்டர் இல்லை என்பது மட்டும் தெரியும். இதை ஒரு அஞ்சலியில் எழுதலாமா என்று என் கணவர் கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றேன். தாம் சொன்னது தப்பாகிப்போனால் அதை மூடி மண் போடுகிற ஆள் அவர் இல்லை. இருந்திருந்தால் அந்தக் குழியை ஒரு முறை பார்த்துவிட்டு, அடுத்த வீட்டு வாசலுக்குப் போயிருப்பார்.

அடக்கத்துக்கு அத்தையும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஜட்காவில் கூட்டிக்கொண்டு போனோம். கல்லறைத் தோட்டத்துக்குள் வரமுடியவில்லை, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மண் போடும்போது ஃபிலோமினா என் பக்கத்தில் வந்து நின்றார். கடைசியாக சிஸ்டர் என்ன பேசினார் என்று கேட்டேன். ஜெபம் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

“உன்னப் பத்திதான் கேட்டாங்க. வசந்தா வீட்ல மாடி கட்டறாங்களே, மணல் வண்டிய எங்க நிறுத்தறாங்கன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல சிஸ்டர்னேன். போய்ப் பாத்துட்டு வான்னாங்க.”

ஃபிலோமினா வந்து பார்ப்பதற்குள் மாடு விழுந்துவிட்டது. திரும்பிப் போய்ச் சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

வண்டிக்குத் திரும்பி வந்து அதை அத்தையிடம் சொன்னேன். அத்தை நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டார்கள். பிறகு, “அவ எடத்தத்தான் தப்பா சொன்னா வசந்தா. நான் அவளையே தப்பா சொல்லிட்டேன்” என்றார்கள். வழி முழுக்க முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். வீட்டு வாசலில் இறங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். தூக்கித்தான் இறக்கினோம்.

டேங்க் இன்னும் மூடப்படவில்லை. மேஸ்திரியின் மூங்கில் தெருப் பக்கம் சுவரைத் தொட்டது. இரண்டு ஓரமும் சுவரைத் தொட்டது. வீட்டுப் பக்கம் நீட்டியபோது எதையும் தொடவில்லை. இன்னொரு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி நீட்டினார். அதுவும் தொடவில்லை. அத்தையின் ரூமுக்குக் கீழே போகிறது. எங்கே முடிகிறது என்று தெரியாது. கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். ரூமைப் பூட்டியிருக்கிறோம். “எத்தன வருஷமா அது மேல படுத்திருந்தேன்?” என்று அத்தை நாள் தவறாமல் கேட்கிறார்கள்.

சிஸ்டருடைய தம்பி மகன் வீட்டை விற்கப்போகிறார். வாங்க வந்தவர் முதல் வேலையாக முற்றத்தில் இருக்கிற மேட்டை இடிக்கவேண்டும், சமாதி மாதிரி இருக்கிறது என்றாராம். நம் தெருவில் டேங்க் இருந்த இடத்தைக் காட்டுகிற மேடு அது ஒன்றுதான். மற்ற வீடுகளில் அடையாளம்கூட இல்லை.

அவர் ஞாபகமாக அந்தப் பிரம்பு நாற்காலியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று தம்பி மகன் என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். அவருடைய பயத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்குப் போதும். அதை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்று இப்போதுதான் பழகுகிறேன். அவருடைய கேள்வியையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒவ்வொரு வீடாக வருவேன். காப்பி வேண்டாம், உட்காரவும் வேண்டாம். உங்கள் வீட்டு டேங்க் எங்கே என்று மட்டும் காட்டுங்கள்.